எல்லாப் பைப்பரையும் கூப்பிடு!

1747. லண்டன் டவர் சிறை. எண்பதை எட்டிவிட்ட கிழவர் ஒருவர், வாதத்தில் வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு தன்னுடைய சவ ஊர்வலத்துக்கு ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறார். தலையை வெட்டச் சொல்லித் தீர்ப்பாகிவிட்டது. நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்வோம்? குலதெய்வத்தைக் கூப்பிடுவோம். இவர் பைப்பர்களைக் கூப்பிட்டார்!

பெயர் சைமன் ஃப்ரேஸர். ஸ்காட்லாந்தின் லோவட் பிரபு. ஊரார் வைத்த பெயர் ‘கிழட்டு நரி’. அவருடைய கடைசி ஆசை இதுதான்: வடகோடியில் இருக்கும் ஜான் ஓ க்ரோட்ஸ் தொடங்கி எடின்பரோ வரை உள்ள அத்தனை பேக்பைப் கலைஞர்களையும் திரட்ட வேண்டும். அவர்கள் என் பிணத்துக்கு முன்னால் வாசித்துக்கொண்டே வர வேண்டும். சாலைவழி 400 கிலோமீட்டருக்கு மேல் வரும். கிட்டத்தட்ட சென்னைக்கும் மதுரைக்கும் நடுவில் இருக்கிற அத்தனை நாயனக்காரர்களையும் ஒரே சாவுக்கு அழைப்பது மாதிரி!

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், ஓசியில் வாசிக்கச் சொல்லவில்லை. நல்ல சன்மானம் கொடுத்துவிடுங்கள் என்றும் கிழவர் சேர்த்தே சொன்னார். சாவு வீட்டில் பேக்பைப் வாசித்துவிட்டு பில் நீட்டுகிற இந்தக் காலத்துப் பைப்பரைப் பார்த்து, “துக்கத்திலும் காசா? அந்தக் காலத்தில் இப்படியா இருந்தது?” என்று மூக்கைச் சிந்துகிறவர்கள் உண்டு. அந்தக் காலத்தில் இப்படித்தான் இருந்தது. ரேட் மட்டும் பிரபு லெவலில் இருந்தது.

அன்றைய ஹைலாண்ட்ஸில், அதாவது ஸ்காட்லாந்தின் மலைநாட்டில், பைப்பர் என்றால் லேசுப்பட்ட ஆள் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் அங்கே வேலை பார்த்த எட்மண்ட் பர்ட் என்ற ஆங்கிலேயர், ஒரு குலத் தலைவர் வெளியே கிளம்பினால் பின்னால் வரும் பரிவாரத்தைப் பட்டியல் போட்டிருக்கிறார். வாள் தூக்க ஒருவர், ஆற்றைக் கடக்கும்போது தலைவரையே தூக்க ஒருவர் என்று போகிறது லிஸ்ட். கடைசியில் பைப்பர். அவருக்கும் பின்னால் இன்னொரு ஆள். எதற்கு? பைப்பரின் பைப்பைத் தூக்கிவர! வாசிப்பவர் ஜென்டில்மேன் ஆயிற்றே, அவர் எப்படி சுமப்பார்?

அதே பர்ட் இன்னொரு கூத்தும் சொல்கிறார். ஒரு படைப்பிரிவில் பைப்பருக்கும் புதிதாக வந்த டிரம்காரருக்கும், யார் வலப்பக்கம் நடப்பது என்று தகராறு. பஞ்சாயத்து கேப்டனிடம் போனது. கேப்டன் டிரம் பக்கம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பைப்பர் கொதித்துப்போனார். ஆட்டுத்தோலைத் தட்டுகிற ஒரு பொடியன், சங்கீத வித்வானான எனக்கு முன்னாலா என்று கேட்டாராம். அவர் கக்கத்தில் இடுக்கியிருந்த பையும் தோல்தான் என்பதை அந்தச் சமயத்தில் எடுத்துச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை போலும்.

இந்த வித்வத் கர்வத்துக்குத் தலைமையகம் ஸ்கை தீவு. மக்லவுட் குலத்தின் பரம்பரைப் பைப்பர்களான மக்ரிமன் குடும்பம் அங்கே போரரைக் என்ற இடத்தில் பள்ளிக்கூடமே நடத்தியது. மற்ற குலத் தலைவர்களும் தங்கள் பைப்பர்களை அங்கே அனுப்பிவைத்தார்கள். சம்பளத்துக்குப் பதில் மானிய நிலம், குத்தகை கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் கலை செழித்தது. 1770 வாக்கில் பண்ணை கையைக் கடிக்கவே, தலைவர் அந்த நிலத்தில் கை வைத்தார். மக்ரிமன்கள் கடையைக் கட்டினார்கள். கலைக்கும் கட்டணத்துக்கும் சம்பந்தமில்லை என்று சொல்பவர்கள் ஒரு நடை ஸ்கைக்குப் போய் வரலாம்.

அந்தக் குடும்பத்தில் டொனால்ட் பான் மக்ரிமன் என்று ஒருவர். 1745-ல் இளவரசர் சார்லஸ் அரசாங்கத்துக்கு எதிராக நடத்திய கலகத்தில் இவர் அரசாங்கக் கட்சி. இன்வருரி சண்டையில் எதிரிகளிடம் மாட்டிக்கொண்டார். மறுநாள் காலை எதிரி முகாமில் ஒரு பைப்பும் ஊதவில்லை. என்னவென்று விசாரித்தால், “எங்கள் வாத்தியார் கைதியாக இருக்கும்வரை வாசிக்க மாட்டோம்” என்று பைப்பர்கள் ஸ்ட்ரைக்! மனுஷனை விடுதலை செய்த பிறகுதான் சத்தம் வந்தது என்று கதை. சில வாரத்திலேயே, 1746 பிப்ரவரியில், மோய் என்ற இடத்தில் இருட்டில் நடந்த களேபரத்தில் அவர் குண்டடிபட்டுச் செத்துப்போனார். ஊரை விட்டுக் கிளம்பும்போதே தான் திரும்பப்போவதில்லை என்று தெரிந்து, தனக்கான இரங்கல் இசையைத் தானே போட்டுவைத்துவிட்டுப் போனார் என்றும் சொல்வார்கள். தன் சாவுக்குத் தானே மியூசிக் டைரக்டர்!

சரி, அந்தக் காலத்துச் சாவு வீடு ரொம்ப சோகமாக இருந்திருக்கும் என்றுதானே நினைக்கிறீர்கள்? ஒப்பாரி உண்டு. அதைப் பாடப் பெண்களைக் கூலிக்கு அமர்த்துவதும் உண்டு. கூலிக்கு மாரடிப்பது நம் ஏகபோகம் இல்லை. ஆனால் 1769-ல் ஸ்காட்லாந்தைச் சுற்றிய தாமஸ் பெனன்ட் எழுதிவைத்திருப்பதைப் படித்தால் தலை சுற்றும். பிணத்தை வைத்துக்கொண்டு விழித்திருக்கும் இரவில் பேக்பைப்போ ஃபிடிலோ வந்துவிடும். நெருங்கிய சொந்தம், அது மனைவியோ மகனோ மகளோ, எழுந்து அழுதுகொண்டே ஆட்டத்தைத் தொடங்கிவைக்க வேண்டும். விடிய விடிய டான்ஸ். இளவட்டங்கள் அடிக்கிற கூத்தில், போன ஓர் உயிருக்கு அந்த இரவே ஈடுகட்டிவிடும் என்று பெனன்ட் நாசூக்காக முடிக்கிறார். புரிந்ததா? புரியாவிட்டால் பத்து மாதம் பொறுங்கள்.

லோவட் பிரபுவிடம் திரும்பலாம். கிழவர் எதற்காக உள்ளே போனார்? 1745-ல் இளவரசர் சார்லஸ் ஆட்சியைப் பிடிக்கப் படை திரட்டியபோது, நம் நரி தன் மகனை அந்தப் படைக்கு அனுப்பிவைத்தது. அதே கையோடு அரசாங்கத்துக்கு, “பையன் என் பேச்சைக் கேட்பதே இல்லை” என்று கடிதமும் போட்டது. யார் ஜெயித்தாலும் ஒரு கால் அந்தப் பக்கம் இருக்க வேண்டும் அல்லவா? கலோடனில் இளவரசர் தோற்றார். மோரார் ஏரியில் இருந்த ஒரு தீவில், பொந்து மரத்துக்குள் ஒளிந்திருந்த பிரபுவைப் படைவீரர்கள் வெளியே இழுத்தார்கள். லண்டனுக்குக் கொண்டுபோகும் வழியில் ஓவியர் ஹோகார்த் வந்து அவரை வரைந்துகொண்டு போனார். படம் சுடச்சுட விற்றது. அதில் கிழவர் விரல்விட்டு எதையோ எண்ணிக்கொண்டிருக்கிறார். கலகத்தில் சேர்ந்த குலங்களை எண்ணுகிறார் என்பது விளக்கம். பைப்பர்களுக்கு ஆகும் செலவாகவும் இருக்கலாம் என்பது என் சந்தேகம்.

இவருடைய இளமையில் சிரிக்க முடியாத ஒரு பக்கம் உண்டு. 1697-ல் சொத்துக்காக ஒரு விதவையைப் பலவந்தமாகக் கல்யாணம் செய்துகொண்டார். அவள் அலறல் வெளியே கேட்காமலிருக்கப் பேக்பைப்பை வாசிக்கச் செய்தார் என்பார்கள். அந்த வாத்தியத்தின் சத்தம் எதற்கெல்லாம் பயன்படும் என்று அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

1747 ஏப்ரல் 9. டவர் ஹில்லில் திருவிழாக் கூட்டம். வேடிக்கை பார்க்கப் போட்டிருந்த மேடை ஒன்று பாரம் தாங்காமல் சரிந்து பலர் செத்துப்போனார்கள். வெட்டுப்பட வந்தவருக்கு முன்னால் பார்க்க வந்தவர்கள் போய்ச்சேர்ந்தார்கள்! பிறகு அவர் முறை வந்தது. பிரிட்டனில் தலை வெட்டி நிறைவேற்றப்பட்ட கடைசி மரண தண்டனை அதுதான்.

பைப்பர்கள் வந்தார்களா? ஒருத்தர்கூட வரவில்லை. உடலை ஸ்காட்லாந்துக்கு அனுப்பவே அரசாங்கம் ஒப்பவில்லை. டவருக்குள்ளேயே இருந்த தேவாலயத்தில் புதைத்துவிட்டது. அரசாங்கத்தின் பயத்திலும் அர்த்தம் இருந்தது. ஐந்து மாதம் முன்புதான் யார்க் நகரில் ஜேம்ஸ் ரீட் என்ற பைப்பரைத் தூக்கில் போட்டிருந்தார்கள். “என் கையில் துப்பாக்கி இல்லை, வாள் இல்லை, ஊதினேன், அவ்வளவுதான்” என்றது அவர் தரப்பு. ஜூரிகள்கூட இரக்கம் காட்டச் சொன்னார்கள். ஹைலாண்டர் படை பைப்பர் இல்லாமல் கிளம்பியதே இல்லை, ஆகவே பேக்பைப் ஒரு போர்க்கருவி என்று கோர்ட் சொல்லிவிட்டது. இப்போது கிழவரின் ஆசையைச் சட்டப்படி படித்துப் பாருங்கள். ஜான் ஓ க்ரோட்ஸ் முதல் எடின்பரோ வரை உள்ள ஆயுதங்களையெல்லாம் ஒரே இடத்தில் திரட்டு!

(பேக்பைப்புக்கே சட்டம் போட்டுத் தடை விதித்தார்கள் என்று ஒரு பிரபலமான கதை உலவுகிறது. 1746 சட்டம் ஆயுதத்தையும் ஹைலாண்ட் உடையையும்தான் தடுத்தது. பைப் என்ற பேச்சே அதில் இல்லை. பாவாடைக்குத்தான் பயந்தார்கள்.)

கிழவர் டவரிலேயே புதைக்கப்பட்டார் என்பதை ஃப்ரேஸர் குடும்பத்தார் ஒப்பவில்லை. உடலை ரகசியமாகக் கப்பலேற்றி ஊருக்குக் கொண்டுவந்து, கர்க்ஹில்லில் உள்ள குடும்பக் கல்லறை மண்டபத்தில் வைத்தோம் என்பது அவர்கள் பெருமை. அங்கே ஈயப்பெட்டியில் தலையில்லாத எலும்புக்கூடும் இருந்தது. 2018-ல் தடயவியல் நிபுணர் சூ பிளாக் அதைச் சோதித்து முடிவைச் சொன்னார். அது ஓர் இளம்பெண்!

நரிக்குக் கிடைக்காதது, அதே சைமன் ஃப்ரேஸர் என்ற பெயரும் லோவட் பட்டமும் கொண்ட இன்னொருவருக்குக் கிடைத்தது. 1944 ஜூன் 6, நார்மண்டியின் ஸ்வோர்ட் கடற்கரை. கமாண்டோ படைத்தலைவர் லோவட், 21 வயதான பில் மில்லினைப் பைப் வாசிக்கச் சொல்கிறார். போர்முனையில் பைப் வாசிக்கத் தடை இருக்கிறதே என்று பையன் இழுக்கிறான். அது இங்கிலீஷ்காரனுடைய யுத்த இலாகா போட்ட தடை, நாம் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்று பிரபு சமாதானம் சொன்னார். இடுப்பளவு தண்ணீர், மேலே குண்டு, கரையில் பிணங்கள். மில்லின் மேலும் கீழும் நடந்தபடி வாசித்தான். ஏன் அவனைச் சுடவில்லை என்று பிறகு பிடிபட்ட ஜெர்மானியர்களைக் கேட்டதற்கு, பாவம், பைத்தியம் என்று விட்டுவிட்டோம் என்றார்களாம். போருக்குப் பிறகு மில்லின் மனநல மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்த்தார் என்பது நான் ஜோடித்த ஜோக் இல்லை, நிஜம். 1995-ல் அந்த லோவட் இறந்தபோது, அவருடைய சவ அடக்கத்தில் வாசித்ததும் மில்லின்தான். 248 வருடம் கழித்து லோவட் வீட்டுக்கு ஒரு பைப்பர் வந்து சேர்ந்தார்.

இன்றைய சாவுகளில் பேக்பைப் என்றாலே ஒரு பாட்டுதான்: ‘அமேஸிங் கிரேஸ்’. பனிமூட்டம், மலைச்சரிவு, ஆதிகாலத்து ஸ்காட்லாந்து சோகம் எல்லாம் கண்முன் வரும். வரலாமா? எழுதியவர் ஜான் நியூட்டன், அடிமைக் கப்பல் கேப்டனாக இருந்து பாதிரியாரான இங்கிலீஷ்காரர். மெட்டு அமெரிக்காவில் ஒட்டியது. பைப்பில் அது பிரபலமானது 1972-ல், ராயல் ஸ்காட்ஸ் டிராகூன் கார்ட்ஸ் போட்ட ரிக்கார்ட் பிரிட்டனில் நம்பர் ஒன் ஆனபோது. பத்து வருடத்தில் சினிமாவுக்கும் போனது. ‘ஸ்டார் ட்ரெக்’ இரண்டாம் படத்தில் மிஸ்டர் ஸ்பாக்கின் சவப்பெட்டியை விண்வெளியில் அனுப்பும்போது ஸ்காட்டி வாசிப்பது அதுதான். அதாவது, ஆதிகாலப் பாரம்பரியத்துக்கு ‘ஷோலே’யை விட மூன்று வயசுதான் அதிகம்.

அமெரிக்க போலீஸ், தீயணைப்புத் துறைச் சாவுகளில் பைப் வாசிப்பது ஐரிஷ் பாரம்பரியம். ஆனால் வாசிப்பது ஸ்காட்லாந்துப் பைப். அயர்லாந்துக்குச் சொந்தமாக அழகான பைப் ஒன்று உண்டு; முழங்கையால் துருத்தி அழுத்தி, உட்கார்ந்து வாசிக்க வேண்டும். ஊர்வலத்தில் எங்கே உட்காருவது?

இனி ரேட்டுக்கு வருவோம். இன்று ஒரு சாவுக்குச் சில நூறு டாலர் கேட்கிறார் பைப்பர். பெரும்பாலும் இறுதிச்சடங்கு நிறுவனமே அதை பூவோடும் காரோடும் சேர்த்து பில்லில் போட்டுவிடும். வாசிப்பது மொத்தம் பத்து நிமிஷம்கூட வராது. “பத்து நிமிஷத்துக்கு இவ்வளவா?” என்று கேட்பவர், மீதியைப் பார்ப்பதில்லை. இருப்பதே ஒன்பது ஸ்வரம். சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கவும் முடியாது. பையில் காற்று இருக்கிறவரை அது கத்திக்கொண்டேதான் இருக்கும். தோளில் சாய்ந்த மூன்று சுருதிக் குழாயும் சேர வேண்டும். குளிரில் நாணல் சீவாளி சுருதியை மாற்றும், விரல் விறைக்கும். துக்கத்துக்கு வந்தவர்கள் காதில் விழாத தூரத்துக்குப் போய்ச் சுருதி சேர்த்துவிட்டு, பாதிரியாரின் பிரசங்கம் முடியும்வரை கல்லறைக்கு நடுவே கம்பளிப் பாவாடையோடு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

தொழிலில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. ‘ஃப்ளவர்ஸ் ஆஃப் த ஃபாரஸ்ட்’ என்ற இரங்கல் மெட்டு, 1513-ல் ஃப்ளாடன் போரில் செத்தவர்களுக்கானது. அதை வெளியே வாசிப்பதென்றால் சாவுக்கும் நினைவுநாளுக்கும் மட்டும்தான். பழக வேண்டுமானால் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் பழகிக்கொள்ளலாம். ஆக, அந்த மெட்டை சுத்தமாகக் கேட்க ஆசைப்படுகிற ரசிகருக்கு யாராவது செத்தாக வேண்டும். தப்பும் தவறுமாகக் கேட்க, பைப்பரின் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் போதும். அதற்கு அவர் பில் எதுவும் போடுவதில்லை.