மொளகுத்தண்ணி துரை

வாப்பா பேராண்டி, இப்படி உக்காரு. காலைலேருந்து பாக்கறேன், பால்காரரும் உனக்கு ப்ரோ, பஸ் கண்டக்டரும் ப்ரோ. நேத்து உங்கப்பனையே ப்ரோன்ட்ட. அப்ப நான் உனக்குத் தாத்தனா, அப்பனா? சொத்து பிரிக்கறப்ப கொழப்பம் வரக்கூடாது பாரு.

இங்கிலீஷ் கொச்சைதான் கெத்துன்னா பேசு, வேணாங்கல. பேசறதுதான் பேசற, நம்ம வூட்டு அடுப்புலேருந்து போனதாப் பேசேன். ஒண்ணு இருக்கு: ‘மல்’. மல்லுக்கட்டற மல் இல்லடா. வெள்ளக்காரன் ஆண்டப்ப மெட்ராஸ் மாகாணத்துல உத்தியோகம் பாத்த துரைமாருங்களுக்கு அவங்க ஆளுங்களே வெச்ச பட்டப்பேரு. நம்ம மொளகுத்தண்ணி அவன் வாயில ‘மல்லிகாட்டானி’ ஆச்சு. அதையும் முழுசாச் சொல்ல சோம்பப்பட்டு, தலைய மட்டும் வெச்சிக்கிட்டான். பம்பாய் துரைக்குப் பேரு ‘டக்’. வாத்து இல்ல, பம்பாய் டக்குங்கற கருவாடு! வங்காளத்து துரை ‘குய்-ஹை’. யாருடா அங்கன்னு வேலக்காரன ‘கோயி ஹை’ன்னு கத்திக் கத்தியே பேரு வாங்கினவன். 1886ல வந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதில மூணும் அச்சாயிருக்கு. அதத் தொகுத்த ரெண்டு பேர்ல பர்னெல்ங்கறவரு தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவரு. அவரே ஒரு மல்தான்!

ஆனா அந்த மல்லிகாட்டானிய உங்க ஆயா கண்ணுல காட்டிடாத. மொளகும் சீரகமும் அம்மியில ஒண்ணும் பாதியுமா நுணுக்கி, பூண்டத் தோலோட நசுக்கிப் போட்டு, நுரை கட்டினதும் எறக்குவா அவ. கொதிக்க வுட்டா போச்சு. துரை வூட்டுல அதுல கறியப் போட்டு, கறித்தூளக் கொட்டி, கெட்டியா சூப்பாக்கிட்டானுங்க. தண்ணின்னு பேரு வெச்சிக்கிட்டு தண்ணியே இல்லாம!

நம்ம ஊருக்கும் வந்தானுங்கடா. 1748ல பாஸ்கவேன்ங்கற இங்கிலீஷ் தளபதியோட படை புதுச்சேரியப் புடிக்க வந்து, மொதல்ல முட்டினது நம்ம அரியாங்குப்பம் கோட்டையில. மெட்ராஸ் படைய உருவாக்கின மேஜர் லாரன்சே இங்கதான் பிரெஞ்சுக்காரங்கிட்ட கைதியானாரு. புதுச்சேரியும் சிக்கல, மழைக்காலம் வந்ததும் மூட்டையக் கட்டிட்டானுங்க. பஞ்சாயத்து போர்டப் போய்ப் படி, இன்னிக்கும் ‘கொம்யூன்’னு பிரெஞ்சுதான் நிக்குது.

நாளைக்கு எவனாவது ப்ரோன்னா, ‘சொல்லு மல்’லுன்னு திருப்பிக் குடு. அர்த்தம் கேட்டா, ரசம் குடிக்கத் தெரியாதவனுக்கு விளக்கம் கெடையாதுன்னு சொல்லிட்டு வந்துடு.