வெட்டுக்கு லைக், கார்ட்டூனுக்குப் பூட்டு

இணையத்தில் ஓடும் வன்முறை வீடியோக்களை அரசாங்கத்தால் தடுக்க முடியுமா, முடியாதா? இந்தப் பட்டிமன்றம் ஓயாமல் நடக்கிறது. 'சர்வர் வெளிநாட்டில இருக்கு சார், நாங்க என்ன பண்றது?' என்று அதிகாரிகள் அணி கையை விரிக்கிறது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியும். மனசு வைத்தால் ஒரே சாயங்காலத்தில் முடியும். 2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை அன்று செய்தே காட்டினார்கள்.

அமெரிக்கா நம் ஆட்களுக்குக் கைவிலங்கு மாட்டி விமானத்தில் திருப்பி அனுப்பிய நேரம் அது. பிரதமர் கைவிலங்கோடு ட்ரம்ப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுபோல விகடன் பிளஸ் இணைய இதழ் ஒரு கார்ட்டூன் போட்டது. தமிழக பாஜக தலைவராக இருந்த அண்ணாமலை புகார் அனுப்பினார். அன்று மாலை விகடன் தளம் பலருக்குத் திறக்கவில்லை. முன்கூட்டி நோட்டீஸ் கிடையாது, விசாரணை கிடையாது. அந்த ஒரு படத்துக்காக மொத்தத் தளத்தையும் இழுத்து மூடினார்கள். மார்ச் 6-ல் சென்னை உயர் நீதிமன்றம், கார்ட்டூன் பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் பூட்டைத் திறக்கலாம் என்றது. அந்தப் படத்தில் ரத்தமில்லை, அரிவாள் இல்லை. ஒரு விலங்கு இருந்தது. அது யார் கையில் இருந்தது என்பதுதான் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின்படி தேசத்தின் இறையாண்மைக்கே ஆபத்தாகிவிட்டது.

இப்போது ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு செல்போனை எடுங்கள். கட்டைவிரலால் மூன்று தள்ளு. முதலில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கிண்டுகிற கடாய். அடுத்து 'ஏங்க' என்று ஆரம்பிக்கிற கூமாபட்டி. மூன்றாவது, மீசை முளைக்காத ஒரு பையன். பைக் டேங்க் மேல் அரிவாள், பிடியில் சாதிக் கலரில் ரிப்பன், ஸ்லோமோஷனில் தலைமுடியைக் கோதுகிறான். பின்னணியில் சாதிப் பாட்டு. கீழே 'சம்பவம் லோடிங்' என்று எழுதியிருக்கிறது. இன்னொரு தள்ளு தள்ளினால் ஏதோ ஒரு கோர்ட் வாசல். கொலை வழக்கில் உள்ளே போகிறவர் வேனிலிருந்து இறங்கி விலங்கு போட்ட கையைத் தூக்கிக் காட்டுகிறார். பக்கத்தில் துப்பாக்கியோடு நடக்கிற ஆயுதப்படைக்காரர், சம்பளம் வாங்காத துணை நடிகர். லைக்குகள் ஆயிரத்தைத் தாண்டுகின்றன.

கூமாபட்டியை இங்கே சும்மா இழுக்கவில்லை. வத்திராயிருப்பு பக்கத்தில் கிடந்த அந்த ஊரை 2025 ஜூனில் ஒரு பையனின் ரீல்ஸ் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. சர்பத் மாதிரி தண்ணீர் ஓடும் என்று நம்பி, கார் எடுத்துக்கொண்டு பிளவக்கல் அணைக்கு ஆட்கள் வந்து இறங்கினார்கள். அணைப்பக்கம் போகக் கூடாது என்று தடுக்க அதிகாரிகள் ஓடி வந்தார்கள். தண்ணீரைக் காட்டினால் அதிகாரிகள் ஓடி வருகிறார்கள். அரிவாளைக் காட்டினால் மட்டும் ஏன் சர்வர் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறது?

போலீஸ் ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். பிடிக்கிறார்கள். பிடித்த பையன் கழிவறையில் வழுக்கி விழுகிறான். தமிழ்நாட்டில் காவல் நிலையக் கழிவறை மாதிரி வழுக்குகிற இடம் வேறு இல்லை. வலது கையில் மாவுக்கட்டோடு, 'இனிமே இப்படிப் போட மாட்டேன், யாரும் போடாதீங்க' என்று அவனைப் பேச வைத்து ஒரு வீடியோ. அதற்கும் பின்னணி இசை, அதற்கும் லைக். வன்முறை ரீல்ஸை ஒழிக்க வன்முறை ரீல்ஸ். இதை எந்தப் பிரிவில் முடக்குவது என்று 69ஏ-யைக் கரைத்துக் குடித்தவர்கள் சொல்லட்டும்.

புகார் கொடுத்தால் என்ன நடக்கும்? எங்கள் பக்கத்து மில்லில் வேலை பார்க்கும் ஒரு அம்மா, தன் மகனைக் கூட்டமாகச் சேர்ந்து அடிக்கிற வீடியோ சுற்றுகிறது என்று ஒரு காவல் நிலையத்துக்குப் போனார். எந்த நிலையம் என்பது வேண்டாம்.

'லிங்க் இருக்காம்மா?'

'வாட்ஸ்அப்ல வந்துச்சு சார்.'

'அதுக்கு லிங்க் வேணும்மா. லிங்க் இல்லாம எதை எடுக்கச் சொல்லி எழுதுறது?'

'என் மகனை அடிக்கிறாங்க சார் அதுல.'

'அது தெரியுதும்மா. லிங்க் இருக்கா?'

அந்தப் போலீஸ்காரர் கேட்டதிலும் உண்மை இருக்கிறது என்பதுதான் வயிற்றெரிச்சல். ஒரு தளத்தை முடக்குவது என்றால், இணையச் சேவை நிறுவனங்களிடம் சொல்லி வீட்டின் பெயர்ப்பலகையைக் கழற்றி வைப்பது. வீடு அங்கேயேதான் இருக்கும், பின்வாசல் தெரிந்தவர்கள் போய் வருவார்கள். ரஜினியின் 2.0 படத்துக்காக 2018-ல் 12,000-க்கு மேற்பட்ட தளங்களை முடக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. படம் வந்த அன்றே நெட்டிலும் வந்தது. வாட்ஸ்அப்பிலோ கழற்றுவதற்குப் பலகையே கிடையாது. அனுப்புகிறவருக்கும் வாங்குகிறவருக்கும் நடுவில் யாராலும் படிக்க முடியாது. 2022 மார்ச்சில் விருதுநகரில் ஒரு பெண்ணை வீடியோவைக் காட்டி மிரட்டியே கூட்டாகச் சீரழித்ததாக எட்டுப் பேர் கைதானார்கள். அதில் நாலு பேர் சிறார்கள். வழக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்துக்கு வந்தது. செல்போன் விட்டு செல்போன் தாவுகிற அந்த ஆயுதத்தை எந்தத் தளத்தை மூடிப் பிடுங்குவது?

நம் பகுதிக்கு உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளை. 2019 ஏப்ரல் 3-ல் டிக்டாக்கைத் தரவிறக்கத் தடை விதிக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது அந்தக் கிளைதான். கூகுளும் ஆப்பிளும் கடையிலிருந்து எடுத்தன. ஏற்கெனவே போனில் வைத்திருந்தவர்கள் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஏப்ரல் 24-ல் தடை நீங்கியது. அடுத்த வருடம் கல்வானில் சீனாக்காரனோடு மோதல் வந்ததும் ஒரே இரவில் 59 செயலிகளில் ஒன்றாக டிக்டாக் போயே போய்விட்டது. ஆக அதுவும் முடிகிறது. காரணம் நம் பிள்ளைகளின் அரிவாள் இல்லை, எல்லை. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்தது. அரிவாள்கள் வீடு மாறின, அவ்வளவுதான்.

நியூசிலாந்துக்காரர்களைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம். 2019 மார்ச் 15, கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவன் அதை ஃபேஸ்புக்கில் 17 நிமிடம் நேரலை விட்டான். நேரலையாகப் பார்த்தவர்கள் 200-க்கும் குறைவு; அதில் ஒருவர்கூடப் புகார் செய்யவில்லை. முதல் புகார் வந்தது தொடங்கி 29 நிமிடம் கழித்து. முதல் 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை ஃபேஸ்புக் அகற்றியது. அங்கே அதைப் பகிர்ந்த ஒருவருக்கு 21 மாதச் சிறை. இரண்டு மாதத்தில், இணையத்தில் இப்படிப்பட்டதை ஒழிப்போம் என்று 'கிறைஸ்ட்சர்ச் அழைப்பு' ஒன்றில் உலக நாடுகள் கையெழுத்துப் போட்டன, இந்தியாவும் போட்டது. போட்ட கை ரொம்ப சுத்தம். சமூக வலைதளக் கம்பெனிகளிடம், 'உன் இயந்திரம் ஏன் அரிவாளைத் தேடித் தேடி எங்கள் பிள்ளைக்கு ஊட்டுகிறது?' என்று கேட்பதுதான் அரசாங்கம் செய்ய வேண்டிய வேலை. அந்தக் கேள்வி மட்டும் வராது. தேர்தல் நேரத்தில் அதே இயந்திரத்திடம்தான் எல்லாக் கட்சிகளும் காசைக் கொட்டி வரிசையில் நிற்கின்றன.

இதில் இன்னொரு சங்கடம் உண்டு. சில வன்முறை வீடியோக்கள் ஓட வேண்டும். மணிப்பூரில் 2023 மே 4-ல் பெண்களை நிர்வாணமாக நடத்திப்போனார்கள். மாநிலத்தில் இணையம் துண்டிக்கப்பட்டிருந்தது. ஜூலை 19-ல் வீடியோ வெளியே வந்தது, மறுநாள் முதல் கைது. இரண்டரை மாதம் தூங்கிய அரசாங்கம் எழுந்ததும் செய்த முதல் வேலைகளில் ஒன்று, அந்த வீடியோவை எடுக்கச் சொல்லி சமூக வலைதளங்களுக்கு உத்தரவு போட்டது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளியைப் போலீஸார் கம்பால் அடித்ததை ஒருவர் ஒளிந்திருந்து எடுக்காமல் விட்டிருந்தால், அந்தக் காவலாளியும் வழுக்கி விழுந்தவர் கணக்கில்தான் சேர்ந்திருப்பார். வெட்டினவன் கெத்துக்குப் போட்ட படம் வேறு, பார்த்தவன் பதறி எடுத்த படம் வேறு. எதை மூடுவது, எதை விடுவது என்று முடிவு செய்கிற அதிகாரியின் துறையே படத்தில் கம்போடு நிற்கும்போது, அவரிடம் பூட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டு நாம் எந்தத் தைரியத்தில் தூங்குவது?

அந்தச் சாவி என்ன செய்யும் என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2018 மே 22-ல் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போனவர்களைச் சுட்டார்கள். 13 பேர் செத்தார்கள். வேன் மேல் ஏறி நின்று ஒரு போலீஸ்காரர் குறிபார்த்ததை நாடே பார்த்தது. மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டத்திலும் இணையம் அவுட். சிவகிரி அப்போது நெல்லை மாவட்டம். ராஜபாளையத்திலிருந்து தெற்கே சேத்தூர் தாண்டி எல்லையைத் தொட்டால் வாட்ஸ்அப் செத்தது. சுட்டதைப் பற்றிப் பேசினால் அமைதி கெடும் என்றார்கள். சுட்டதால் கெட்ட அமைதியைப் பற்றி எந்த உத்தரவிலும் ஒரு வரி இல்லை. அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 17 போலீஸார் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. மூன்று மாவட்ட இணையத்தை ஒரே நாளில் அணைக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்தப் பதினேழு பேரின் பட்டியலை முடித்துவைக்க எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை.