நிலா வாட்ச்காரர்

கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸில் காலை நடை போகிறவர்களில் இவரை அடையாளம் காண்பது சுலபம். மார்கழிக் குளிரிலும் இடது கைச் சட்டை மட்டும் முழங்கை வரை மடிந்திருக்கும். தொழில் பம்ப்செட். மணி கேட்டால் மணி வராது, "1969-லீங்க..." என்றுதான் வரும்.

கையிலிருப்பது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். அப்பல்லோ 11 நிலவில் இறங்கிய 50-ஆம் ஆண்டுக்கென 2019-இல் வந்தது. "உலகத்துக்கே 6,969தானுங்க. அதுல ஒண்ணு பீளமேட்டுல இருக்குது." 9 மணிப் பக்கத்துச் சின்ன வட்டத்தில் நிலவில் இரண்டாவதாகக் கால்வைத்த ஆல்ட்ரின் தங்க நிறத்தில் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருப்பார். அவரைப் பார்க்க வெள்ளெழுத்துக் கண்ணாடி வேண்டும். அதையும் நம்மாளே பையிலிருந்து எடுத்து நீட்டுவார். பின்மூடியில் நிலவில் பதிந்த காலடித்தடம். கல்யாணப் பந்தியில் அதைக் காட்டக் கழற்றினாரென்றால் பக்கத்து இலைக்காரருக்கு ரசம் வந்து போனதே தெரியாது.

இதில் பேட்டரி கிடையாது. கையால்தான் சாவி கொடுக்க வேண்டும். தோட்டத்து மோட்டாரை வீட்டிலிருந்தே செல்போனில் போட ஸ்டார்ட்டர் விற்கிற மனுஷன், காப்பிக்கு முன்னால் உட்கார்ந்து திருகிக்கொண்டிருப்பார். "லட்சக்கணக்குல குடுத்துப்போட்டு, சாவியும் நாமதான் குடுக்கோணுமாக்கும்!" என்பது வீட்டம்மாவின் தினசரி சுப்ரபாதம்.

ஒருநாள் அப்புச்சி கேட்டார்: "ஏங்கண்ணு, மொதல்ல எறங்குனாரே ஆம்ஸ்ட்ராங்கு, அவரு கையிலயும் இதுதானா?"

பொய் சொல்ல வராது. "இல்லீங்க அப்புச்சி. கலத்துல இருந்த கடிகாரம் ரிப்பேருங்க. அதனால தன்னோடத உள்ளயே வெச்சுப்போட்டு எறங்குனாருங்க."

"அட, வெறுங்கையோடவே நெலாவுக்குப் போலாமாட்ட இருக்குது!"

அந்தக் காயம் ஆறுமுன், பின்மூடிக் காலடித்தடத்தை எட்டிப் பார்த்த டிரைவர் வாய் திறந்தார். "நெலா மண்ணுங்களா? எங்கூருப் பக்கமே கெடக்குதுங்களே." உண்மைதான். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் கிடைக்கும் அனார்தோசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சந்திரயான் சோதனைகளுக்கு இஸ்ரோ அதைத்தான் டன் கணக்கில் கொண்டுபோய், பொடித்துப் பரப்பி ரோவரை ஓட்டிப் பார்த்தது. முதல் சந்திரயானை 2008-இல் அனுப்பிய திட்ட இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரையும் பொள்ளாச்சி பக்கத்துக் கோதவாடிக்காரர்.

கொங்கு நாட்டுத் தொழிலதிபர்களே, சித்தம்பூண்டிக் கல்லில் முகப்பு வைத்து, 'நூறே நூறு' என்று அடித்து ஒரு வாட்ச் போடுங்கள். முதல் ஆளாக அட்வான்ஸ் கட்ட ரேஸ்கோர்ஸில் ஒருவர் தயார். விலையை மட்டும் குறைத்து வைத்துவிடாதீர்கள், வாங்கமாட்டார்.