சத்தம் போடாமல் கேளுங்கள்!

● விடியற்காலை மூன்று மணிக்கு பைபர் படகில் இன்ஜினைக் கிளப்புகிறார்கள். எங்கள் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. தட்டிக்கேட்கச் சட்டம் இல்லையா?
– ‘தூக்கம் கெட்டவன்’, முடசல்ஓடை

இருக்கிறது. 2000-ம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை 45 டெசிபல். அந்த அளவுக்கு மேல் 10 டெசிபலோ அதற்கு அதிகமாகவோ ஏறினால் புகார் கொடுக்கலாம். ஆனால் இந்த விதி இடத்துக்கு அளவு சொல்கிறது. படகுக்கென்று தனியாக எண் எதுவும் அதில் இல்லை. பைக்குக்கு ஒலி அளவு உண்டு, ஜெனரேட்டருக்கு உண்டு, பட்டாசுக்குக்கூட உண்டு. படகு மட்டும் நழுவிவிட்டது.

புகார் எழுதுவதற்கு முன் ஒரு விஷயம். காலையில் உங்கள் தெருவுக்குக் கூடையில் வந்து சேரும் மீன், உங்களை எழுப்பிய அதே சத்தத்தில் கிளம்பிப் போனதுதான். குழம்பு வேண்டும், இன்ஜின் வேண்டாம் என்றால் கட்டுமரக் காலத்துக்குத்தான் போக வேண்டும். படகுக்காரரிடம் கேட்கவேண்டியது இரண்டே விஷயம்: வீடுகளைத் தாண்டும்வரை கோல் ஊன்றிப் போக முடியுமா? உப்புக்காற்றில் அரித்துப்போன சைலன்சரை மாற்ற முடியுமா? இரண்டாவதுக்குத் தெருவில் கொஞ்சம் வசூல் பண்ணிக் கொடுத்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும்.

● 55 டெசிபலுக்கும் 65 டெசிபலுக்கும் பத்துதானே வித்தியாசம்? இதற்கா இவ்வளவு கூச்சல்?
– ‘கணக்கு வாத்தியார்’, சிதம்பரம்

வாத்தியாரே கேட்கிற கேள்வியா இது! டெசிபல் கூட்டல் கணக்கில் போகாது. 10 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்காகத் தோன்றும். 20 ஏறினால் ஆற்றல் நூறு மடங்கு. அதே நேரம், ஒரே அளவு சத்தம் போடும் இரண்டு படகுகள் சேர்ந்து வந்தால் கூடுவது 3 டெசிபல்தான். திறந்தவெளியில் படகு இருமடங்கு தூரம் தள்ளிப் போனால் சுமார் 6 டெசிபல் குறையும். ஆக, பத்து படகில் ஒன்று மட்டும் மிக அதிகமாக அலறினால், மற்றவற்றில் எட்டைத் தடுப்பதைவிட அந்த ஒன்றைத் தள்ளிப் போகச் சொல்வதே லாபம். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பாதிப் பஞ்சாயத்து தீரும்.

● ரோட்டில் லாரி போனால்கூட இவ்வளவு கேட்பதில்லை. அரை மைலுக்கு அப்பால் போகிற படகு மட்டும் காதுக்குள் வந்து ஓடுகிறதே, ஏன்?
– ‘ஒட்டுக்கேட்பவர்’, பரங்கிப்பேட்டை

ரோட்டுச் சத்தத்தைச் சுவரும் மரமும் மண்ணும் பங்கு போட்டு வாங்கிக்கொள்ளும். வெள்ளாற்று முகத்துவாரத்தில் தடுக்க என்ன இருக்கிறது? தண்ணீரின் பரப்பு ஒலியை உறிஞ்சாமல் அப்படியே திருப்பி அனுப்பும். இரவில் தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதன் மேல் சூடான காற்று படிந்திருக்கும் நேரங்களில், வானத்துக்குப் போகவேண்டிய ஒலி வளைந்து மறுபடி கீழே இறங்கும். அதனால்தான் அக்கரையில் இருவர் பேசும் ரகசியம்கூட உங்களுக்குக் கேட்கிறது. உங்கள் புனைபெயருக்கும் காரணம் அதுதானோ?

● ரேஸ் போட்டு எனப்படும் அதிவேகப் படகுக்கு ஏன் அந்த அலறல்? சைலன்சர் மாட்டினால் வேகம் போய்விடுமாமே?
– ‘மெக்கானிக் தம்பி’, கடலூர் முதுநகர்

தம்பி, சாதாரண படகு இன்ஜினின் புகையைத் தண்ணீரோடு கலந்தோ, தண்ணீருக்கு அடியிலோதான் வெளியே விடுவார்கள். தண்ணீரே பாதிச் சத்தத்தை விழுங்கிவிடும். வேகப் படகு வாங்குகிறவர்களில் சிலர், புகைக்குழாயை நேரே படகின் பின்பலகை வழியாகக் காற்றில் திறந்துவிடுகிறார்கள். புகை தங்குதடையில்லாமல் போவதால் இன்ஜினுக்குக் கொஞ்சம் சக்தி கூடும் என்பது உண்மைதான். அந்தக் கொஞ்சத்துக்காக மட்டும் யாரும் செலவு பண்ணுவதில்லை. கரையில் நிற்பவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டும், அதற்குத்தான் மீதிப் பணம்.

அமெரிக்காவில் சுவிட்ச் வைத்த குழாயே விற்கிறார்கள். தட்டினால் புகை தண்ணீருக்கடியில் போகும். மறுபடி தட்டினால் காற்றில் அலறும். போலீஸ் படகு கண்ணில் பட்டால் எந்தப் பக்கம் தட்டுவார்கள் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நம்மூரில் புல்லட்டுக்குப் ‘பட்டாசு சைலன்சர்’ மாட்டுகிறவர் அவர்களுக்கு ஒன்றுவிட்ட தம்பி.

● வெளிநாட்டில் இதை எப்படிச் சமாளிக்கிறார்கள்? அங்கே சண்டையே வராதா?
– ‘பாஸ்போர்ட் இல்லாதவர்’, புவனகிரி

நன்றாக வரும். ஏரிக்கரையில் வீடு கட்டியவருக்கும் ஏரியில் படகு விட்டவருக்கும் நடக்கும் சண்டை உலகப் பொதுமறை. அவர்கள் சாமர்த்தியம் என்னவென்றால், ‘ரொம்ப சத்தம்’ என்ற வார்த்தையைத் தூக்கிவிட்டு எண்ணை வைத்துவிட்டார்கள்.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இரண்டு சோதனை. ஒன்று, படகை நிறுத்திவைத்து, இன்ஜின் சும்மா ஓடும்போது பக்கத்தில் மைக் பிடித்து அளப்பது: பழைய இன்ஜினுக்கு 90, புதியதற்கு 88 டெசிபல் என்பது பரவலான வரம்பு. இன்னொன்று, கரையில் நின்றுகொண்டு, ஓடும் படகை அளப்பது: 75 டெசிபல். இரண்டாவதில்தான் சூட்சுமம். படகில் இருப்பவருக்கு எப்படிக் கேட்கிறது என்பது அவர் பாடு. கரையில் இருப்பவர் காதில் என்ன விழுகிறது என்பதே கேள்வி. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் முன்னாலேயே பிடிக்கிறது. விற்பனைக்கு வரும்போதே உல்லாசப் படகு இன்ஜினின் சக்தியைப் பொறுத்து 67, 72, 75 டெசிபல் என்று மூன்று படி. ஒன்றுக்கு மேல் இன்ஜின் இருந்தால் 3 டெசிபல் சலுகை. மேலே சொன்ன வாத்தியார் கணக்கு அங்கே சட்டமாகவே இருக்கிறது, கவனித்தீர்களா?

இங்கிலாந்தின் விண்டர்மியர் ஏரியில் வேறு வழி. மணிக்கு 10 மைல் வேக வரம்பு. 2000-ல் ஒப்புதல் கொடுத்து, 2005-ல்தான் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். வேகப் படகு வைத்திருந்தவர்கள் வேறு இடம் பார்க்க ஐந்து வருஷ அவகாசம். அப்படியும் திட்டினார்கள் என்பது வேறு கதை.

● சிங்கப்பூரிலிருந்து திரும்பும் என் மைத்துனர் ஒரு ஸ்பீடு போட்டு வாங்கி பிச்சாவரத்தில் விடப்போகிறாராம். யோசனை எப்படி?
– ‘மாட்டிக்கொண்ட மாப்பிள்ளை’, கிள்ளை

மைத்துனர் பணத்தைப் பேங்கில் போடச் சொல்லுங்கள். முதலாவது, பிச்சாவரம் காப்புக்காடு. 2022-ல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் ஏறிவிட்டது. நினைத்தவர் நினைத்த படகை இறக்க அது உங்கள் வீட்டுக் குளம் இல்லை. இரண்டாவது, சுரபுன்னை வேர்கள் இரண்டு பக்கமும் விழுதாக இறங்கியிருக்கும் வாய்க்கால்களில் படகுக்காரர்கள் துடுப்பைக்கூட உள்ளே இழுத்துக்கொண்டு, கிளையைக் கையால் பிடித்துத்தான் படகைத் திருப்புகிறார்கள். அங்கே உங்கள் மைத்துனர் முறுக்கினால் புரொப்பெல்லர் வேரில் மாட்டும். இல்லையென்றால் சேற்றில் சொருகும். மூன்றாவது, அவர் கிளப்பிவிடும் அலையில் துடுப்புப் படகில் வரும் குடும்பங்கள் ஆட்டம் காணும். அதற்குப் பிறகு அங்கே எழும் சத்தத்தை எந்த மீட்டராலும் அளக்க முடியாது.

அவ்வளவு ஆசை என்றால் பந்தயம் நடக்கும் இடத்துக்குப் போய்ப் பார்க்கட்டும். 2018 நவம்பரில் விஜயவாடாவில் கிருஷ்ணா நதியில் ஃபார்முலா 1 படகுப் பந்தயம் நடந்தது. மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும் படகுகள். மூன்று நாள் அலறல், பிறகு ஊர் பழையபடி. சத்தத்துக்கு அதுவும் ஒரு வழி: இடம் சொல்லி, தேதி சொல்லி, முடித்துவிட்டுப் போவது.

● எம்.ஜி.ஆர். ‘இதயக்கனி’யில் இதே பிச்சாவரத்தில் படகு விடவில்லையா? அப்போது மட்டும் சத்தம் வரவில்லையா?
– ‘வாத்தியார் ரசிகன்’, எம்.ஜி.ஆர். திட்டு

வந்திருக்கும். 1975-ல் படம் வந்தபோது தியேட்டரில் நீங்கள் அடித்த விசிலில் அது கேட்டிருக்காது. படப்பிடிப்பு சில நாளில் முடிந்து கேமராவைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். சனி, ஞாயிறு தவறாமல் வந்து, ஒரே காட்சியை வருஷம் முழுக்க எடுக்கிறவர்களைப் பற்றித்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

● கொக்குக்கும் மீனுக்கும் டெசிபல் தெரியுமா? அதுகள் பழகிக்கொள்ளாதா?
– ‘எதார்த்தவாதி’, அண்ணாமலைநகர்

பழகிக்கொள்ளும், செலவோடு. நெதர்லாந்தின் லைடன் நகரில், போக்குவரத்து இரைச்சல் அதிகமான இடத்துச் சிட்டுகள் தங்கள் பாட்டின் சுருதியை ஏற்றிவிட்டன என்று 2003-ல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். இணையைக் கூப்பிடும் குரல் இரைச்சலில் மூழ்கினால் குஞ்சு ஏது? கங்கை ஓங்கில் எனும் டால்பின் இன்னும் பாவம்; கலங்கல் ஆற்றில் ஏறக்குறையப் பார்வையில்லாமல், ஒலியை அனுப்பி எதிரொலி கேட்டுத்தான் வழியும் இரையும் தேடும். இன்ஜின் படகுகள் பெருகிய இடத்தில் அதற்குக் கூடுதல் சிரமம் என்று 2019-ல் இந்திய ஆய்வாளர்களே சொன்னார்கள். தண்ணீருக்குள் ஒலி, காற்றில் போவதைப்போல நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் பாயும். நமக்கு ஜன்னலைச் சாத்த முடியும். மீனுக்கு ஜன்னல் கிடையாது.

● இன்ஜின் சத்தத்தை விடுங்கள். படகில் பாட்டு பாக்ஸ் வைத்துக்கொண்டு வருகிறார்களே, அதை என்ன செய்ய?
– ‘பறவை பார்க்க வந்தவர்’, நெய்வேலி

அதற்குத்தான் சட்டம் கைவசம் தயாராக இருக்கிறது. ஒலிபெருக்கிக்கு எழுத்தில் அனுமதி வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடவே கூடாது. 2005 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் இதைப் பிடித்து உலுக்கிவிட்டது. குயில் கூவுகிறதா என்று கேட்கக் காட்டுக்கு வந்து, குத்துப்பாட்டைப் போட்டுக்கொண்டு, ‘ஒரு பறவையும் காணோமே’ என்று படகுக்காரரிடமே குறைப்படுகிறவர்களுக்கு மட்டும் சட்டத்தில் மருந்து இல்லை.

● மாசி மகத்துக்கு எங்கள் ஊரில் மேளமும் வேட்டும் மைக்செட்டும் இருக்குமே! அதையும் நிறுத்தச் சொல்வீர்களா?
– ‘உபயதாரர்’, முழுக்குத்துறை

ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் அத்தனை தூரம் தீர்த்தவாரிக்கு வருகிறார். வழியில் கிள்ளை தைக்காலில் முஸ்லிம் பெருமக்கள் மரியாதை செய்து வரவேற்கிறார்கள். அந்தப் பாதையில் குறுக்கே விழ நான் யார்? விதியே இடம் கொடுத்திருக்கிறது. பண்டிகை, கலைவிழாக்களுக்கு வருஷத்தில் 15 நாளுக்கு மிகாமல், இரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்திக்கொள்ளலாம். திருவிழாவுக்குத் தேதி உண்டு, கொடியிறக்கமும் உண்டு. அதுவே பெரிய ஒழுங்கு. ஆனால் கூம்புக் குழாயைப் பிரசவ ஆஸ்பத்திரி பக்கம் திருப்பிக் கட்டினால் புண்ணியக் கணக்கில் பிடித்தம் உண்டு.

● என் வீட்டுக்காரர் இருபது வருஷமாக இன்ஜின் படகில் போகிறார். வீட்டில் உப்பு கேட்டால்கூடத் தெருவுக்கே கேட்கிறது. கோபமா, குணமா?
– ‘அவர் சம்சாரம்’, சின்னவாய்க்கால்

இரண்டும் இல்லை அம்மா, காது. காற்றிலேயே குளிரும் சின்ன டீசல் இன்ஜினுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் அவர் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார். அமெரிக்கத் தொழில் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 85 டெசிபலில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் தாங்கலாம். அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-ல் நான்கு மணி, 91-ல் இரண்டு, 94-ல் ஒன்று. நம் நாட்டில் தொழிற்சாலைக்கு 90 டெசிபல், எட்டு மணி நேரம் என்று வரம்பு உண்டு. படகு தொழிற்சாலை இல்லையே, யார் அளக்கப் போகிறார்கள்?

அவர் மற்றவர்களோடு படகில் கைச்சாடையில் பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். கரையில் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார். இவை இரண்டும் அறிகுறி. காது டாக்டரிடம் ஒருமுறை காட்டுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் காதடைப்பான் விலை ஒரு டீ, வடைக்குள் அடங்கும். ‘சத்தம் போடும் படகு’ என்று ஊர் பேசும்போது, அந்தச் சத்தத்துக்கு முதல் பலி அதில் போகிறவர்தான் என்பதை மறந்துவிடுகிறோம்.

● பேட்டரி படகு வந்துவிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும் அல்லவா?
– ‘எதிர்காலம்’, கடலூர்

சவாரிக்குத் தீரும். கேரளத்தில் வைக்கம் – தவணக்கடவு இடையே 2017 ஜனவரி முதல் ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகு 75 பேரை ஏற்றிக்கொண்டு போய்வருகிறது. 2023 ஏப்ரலில் கொச்சி வாட்டர் மெட்ரோவும் மின்சாரப் படகுகளோடு தொடங்கிவிட்டது. போகிற தூரமும் திரும்பும் நேரமும் தெரிந்த சவாரிப் படகுக்கு இது பொருந்தும். வலை இழுத்து, மீன் தேடி, எப்போது திரும்புவோம் என்று தெரியாமல் கடலுக்குள் போகிறவருக்கு டீசல்தான் இன்றைக்கு நம்பிக்கை. எனவே பேட்டரியை முதலில் யார் தலையில் கட்டவேண்டும் என்பது தெளிவு: பொழுதுபோக்குப் படகு.

● சரி ஐயா, பேரூராட்சியில் தீர்மானம் போடச் சொன்னால் என்ன போடுவது?
– ‘ஊர்ப் பெரியவர்’, கிள்ளை

‘சத்தம் கூடாது’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்; மறுநாளே காற்றில் போகும். நான்கு வரி போதும். ஒன்று, எந்த வாய்க்கால் துடுப்புக்கு, எது இன்ஜினுக்கு என்று பலகை வைப்பது. இரண்டு, வெளிநாட்டுப் பறவைகள் வரும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை சவாரி இன்ஜினுக்கு நேரம் குறிப்பது. மூன்று, கரையில் நின்று அளப்பதற்கு ஒரு எண்ணும், அளக்க மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் உதவியும் கேட்பது. செல்போன் செயலி காட்டும் டெசிபல் ஒரு குத்துமதிப்புக்கு உதவும், வழக்குக்கு ஆகாது. நான்கு, மீன்பிடிப் படகையும் உல்லாசப் படகையும் ஒரே தராசில் வைக்காமல், முன்னதற்குச் சைலன்சர் மாற்ற உதவியும் பின்னதற்கு அபராதமும் என்று பிரிப்பது. வனத்துறையும் சுற்றுலாத் துறையும் மீனவர் பஞ்சாயத்தும் ஒரே மேஜையில் உட்கார்ந்தால்தான் இது நடக்கும். அந்தக் கூட்டத்துக்கு மைக் வேண்டாம்.

● இத்தனை பேசினீர்களே, எங்கள் ஊர்த் தண்ணீரில் அதிகம் சத்தம் போடுவது யார்?
– ‘கடைசிக் கேள்வி’, பிச்சாவரம்

விரல் நீளம்கூட இல்லாத ஒரு இறால். ஒரு கொடுக்கு மட்டும் பெருத்திருக்கும். அதைச் சொடுக்கினால் தண்ணீரில் ஒரு குமிழி பிறந்து வெடிக்கும். அந்த அதிர்ச்சியிலேயே சின்ன இரை மயங்கிவிடும். சதுப்பு வாய்க்காலில் இன்ஜினை அணைத்துவிட்டுப் படகின் அடிப்பலகையில் காதை வைத்தால், கடலை வறுக்கிற சட்டிபோல் படபடவென்று கேட்கும். அதன்மேல் எந்த விதியும் பாயாது. காரணம், அது சாப்பாட்டுக்காகச் சத்தம் போடுகிறது. முடசல்ஓடை படகும் அப்படித்தான். வேடிக்கைக்காகச் சத்தம் போடுகிறவர்தான் முதலில் வந்து வரிசையில் நிற்க வேண்டும். உங்கள் மைத்துனருக்கும் சொல்லிவிடுங்கள், மாப்பிள்ளை!