சாகாவரம் பெற்ற நாற்பது பேர்

கேள்வி: போர்த்துக்கேய மொழியைக் காக்கப் பிரேசிலில் ஓர் இலக்கியக் கழகம் உண்டாமே? எங்கள் பக்கம் அப்படி ஏதும்? (வாசகர் ஒருவர், சாவகச்சேரி)

பதில்: உண்டு. 1897இல் ரியோ டி ஜெனீரோவில் தொடங்கியது. முதல் தலைவர் நாவலாசிரியர் மச்சாடோ டி அசிஸ். மொத்தம் 40 நாற்காலிகள். அமர்ந்தவருக்குப் பட்டப்பெயர் ‘சாகாவரம் பெற்றவர்’. அவர் செத்தால்தான் அடுத்தவருக்கு இடம்! எழுத்துக்கூட்டலுக்கு அதிகாரபூர்வச் சொற்பட்டியலும் வெளியிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் நாற்காலி இல்லை, பரீட்சை உண்டு. 1921இல் எழுந்த ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் பிரவேச பண்டிதர், பால பண்டிதர், பண்டிதர் என மூன்று படிகள் வைத்தது. (சங்கத்தின் பெயரை ஒரே மூச்சில் சொல்பவருக்கு முதற்படியை இலவசமாகவே கொடுத்திருக்கலாம்.)

அங்கே தெரிவு செய்ய வாக்கெடுப்பு. இங்கே இலக்கணம் படித்துத் தேற வேண்டும். யாழ்ப்பாணத்து வழிதான் கடினம், நியாயமும்கூட.