எட்டாவது வள்ளல்

பாரி முல்லைக்கொடிக்குத் தேரைக் கொடுத்தான், பேகன் மயிலுக்குப் போர்வையைக் கொடுத்தான் என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோம். லாஸ் வேகஸ் காசினோக்களின் வள்ளன்மையைப் பார்த்த பிறகுதான், நம் கடையெழு வள்ளல்களுக்குக் கொடுக்கவே தெரியவில்லை என்பது புரிகிறது. தேரைக் காட்டிலேயே விட்டுவிட்டு நடந்து ஊர் திரும்பிய பாரி, “இச்சலுகை ஞாயிறு முதல் வியாழன் வரை மட்டுமே, ஆறு மாதம் படராமல் இருக்கும் கொடிகளுக்குச் செல்லாது, முன்னறிவிப்பின்றித் தேரைத் திரும்பப் பெற நிர்வாகத்துக்கு முழு உரிமை உண்டு” என்று சக்கரத்துக்கு அடியில் பொடி எழுத்தில் செதுக்கி வைத்தானா? இல்லை. பேகனாவது, போர்வை வாங்கிய மயில் மணிக்கு எத்தனை முறை அகவுகிறது என்று எண்ணி, அடுத்த மாதப் போர்வையை அதற்கேற்பக் கத்தரித்தானா? அதுவும் இல்லை. அப்புறம் பறம்பு மலை பறிபோகாமல் என்ன செய்யும்?

எட்டாவது வள்ளல் விவரமானவர். அவருடைய கொடை தபாலில் வரும். வழவழ அட்டை, தங்க எழுத்து. உங்கள் கல்யாணப் பத்திரிகையில்கூட உங்கள் பெயர் அவ்வளவு பெரிதாக அச்சாகியிருக்காது. ‘உங்களுக்காகவே மூன்று இரவுகள், அறை முற்றிலும் இலவசம்.’ எனக்கும் ஒன்று வந்தது. போனேன். வரவேற்பு மேசையில் நின்ற பெண் சிரித்த முகமாக, அறை இலவசம்தான், ரிசார்ட் கட்டணம் மட்டும் இரவுக்கு ஐம்பது டாலர் சொச்சம் தனி என்றாள். அது எதற்கு? வைஃபைக்கு, உடற்பயிற்சிக் கூடத்துக்கு, உள்ளூர்த் தொலைபேசி அழைப்புகளுக்கு. அந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும், அறையிலிருந்து போன் போட்டு நலம் விசாரிக்க? கட்டணத்துக்கு மேல் வரி. வண்டியை நிறுத்தவும் காசு. வேகஸின் பெருவீதியில் கார் நிறுத்தம் காலங்காலமாக இலவசமாகத்தான் இருந்தது. 2016ல் எம்ஜிஎம் நிறுவனம் கட்டணம் போட, மற்றவர்களும் வரிசையாகப் பின்தொடர்ந்தார்கள். ரிசார்ட் கட்டணத்தைப் பற்றி ஊரே சபித்ததால் அமெரிக்க வணிக ஆணையமும் விழித்துக்கொண்டது. 2025 மே முதல் எல்லாக் கட்டணத்தையும் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்று விதி வந்தது. கட்டணத்தை எடுக்கச் சொல்லவில்லை, கவனியுங்கள். ஒளித்து வைத்து வெட்டாதே, காட்டிவிட்டு வெட்டு. அவ்வளவுதான் நீதி.

சரி, உள்ளே போவோம். அட்டை இல்லாமல் ஆடுவது அந்த ஊரில் பெரும் பாவம். உறுப்பினர் அட்டையைச் சுருள் கயிறு ஒன்றில் கோத்துத் தருகிறார்கள். ஒரு முனையைச் சட்டையில் மாட்டிக்கொண்டு, மறுமுனையில் தொங்கும் அட்டையை ஸ்லாட் மெஷினின் வாயில் செருக வேண்டும். அப்படி உட்கார்ந்திருக்கும் வரிசையைப் பின்னாலிருந்து பார்த்தால், முளையில் கட்டிய மாடுகள் கழுநீர்த் தொட்டிக்கு முன்னால் நிற்பது போலவே இருக்கும். யாருக்குப் பால் கறக்கிறது என்று சொல்லத் தேவையில்லை.

இந்த அட்டை அளப்பது நீங்கள் எவ்வளவு தோற்றீர்கள் என்பதை அல்ல. எவ்வளவு தோற்றாக வேண்டும் என்பதை. ஒரு ஆட்டத்துக்கு எவ்வளவு, மணிக்கு எத்தனை ஆட்டம், எத்தனை மணி நேரம், இதில் காசினோவின் பங்கு எத்தனை சதவீதம் என்று நான்கையும் பெருக்கினால் வருவதை அங்கே வேலை செய்பவர்கள் ‘தியோ’ என்பார்கள். எதிர்பார்க்கப்படும் நஷ்டம். ஒரு டாலர் வீதம் மணிக்கு அறுநூறு முறை பட்டனைத் தட்டுகிறீர்கள், பெருவீதி மெஷின்கள் சராசரியாகப் பிடித்துக்கொள்வது சுமார் 8% என்றால், உங்கள் தியோ மணிக்கு 48 டாலர். நான்கு மணி நேரத்துக்கு 192. அதில் நாலில் ஒரு பங்கோ மூன்றில் ஒரு பங்கோ கிள்ளி எடுத்து, அதை ஒரு பஃபே சாப்பாடாக்கி, “எங்கள் அன்பளிப்பு” என்று நீட்டுவார்கள். நம் சட்டைப்பையிலிருந்து எடுத்த காசில் நமக்கே விருந்து வைத்துவிட்டு, நன்றி வேறு எதிர்பார்க்கிற விருந்தோம்பலைத் திருவள்ளுவர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்.

பட்டங்களுக்கு வருவோம். சீசர்ஸ் நிறுவனத்தின் திட்டத்தில் கோல்டு, பிளாட்டினம், டயமண்ட், அதற்கும் மேலே செவன் ஸ்டார்ஸ் என்று வர்ணாசிரமம் மாதிரி அடுக்கு. டயமண்ட் ஆக ஒரு வருஷத்தில் 15,000 புள்ளிகள் வேண்டும். ஸ்லாட் மெஷினில் ஐந்து டாலர் சுழன்றால் ஒரு புள்ளி. ஆக 75,000 டாலரைச் சுழற்ற வேண்டும். 8% கணக்கில் சுமார் 6,000 டாலர் மெஷினின் வயிற்றுக்குள் போயிருக்கும். அதற்குக் கைமாறாகச் சேர்கிற செலவுப் புள்ளிகளுக்கு நூற்றுக்கு ஒரு டாலர் மதிப்பு. 15,000 புள்ளிக்கு 150 டாலர். ஆறாயிரம் கொடுத்து நூற்றைம்பது வாங்குகிறவருக்கு வைரம் என்று பெயர். வீடியோ போக்கர் ஆடினால் ஒரு புள்ளிக்கே பத்து டாலர் சுழல வேண்டும், ஏனென்றால் அதில் மனிதன் கொஞ்சம் மெதுவாகத் தோற்கிறான். மெதுவாகத் தோற்பது அந்த ஊரில் ஒழுங்கீனம். ஆறு மாதம் ஆடாமல் இருந்தால் சேர்த்த செலவுப் புள்ளிகள் காலாவதி. ஜனவரி 1 பிறந்தால் அடுக்குக்கான கணக்கு பூஜ்யத்திலிருந்து மறுபடி ஆரம்பம். உலகம் முழுக்கப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லும் நாளில் இவர்கள் உங்கள் கணக்கைத் துடைத்துவிட்டு, வா ராஜா, மறுபடி நிரூபி என்கிறார்கள்.

இந்தக் கலையைச் செதுக்கியவர் ஏதோ சந்துமுனைச் சூதாடி அல்ல. ஹார்வர்டு வணிகப் பள்ளிப் பேராசிரியர் கேரி லவ்மன். பின்னால் சீசர்ஸ் என்று பெயர் மாறிய ஹாராஸ் நிறுவனத்தில் 1998ல் சேர்ந்து, பிற்பாடு அதன் தலைவரே ஆனார். 2003ல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் தன் சாதனையைத் தானே எழுதினார்: வாடிக்கையாளர்களில் 26% பேரிடமிருந்துதான் 82% வருமானம் வருகிறது. அந்த 26% யார்? சொகுசுக் காரில் வந்து இறங்கும் கோடீஸ்வரர்கள் என்று நாம் நினைப்போம். இல்லையாம். நடுவயதைத் தாண்டியவர்கள், முதியவர்கள், ஆசிரியர் வேலையிலும் ஆலை வேலையிலும் இருந்தவர்கள், இருப்பவர்கள். கையில் கொஞ்சம் காசும் நிறைய நேரமும் உள்ளவர்கள். ஒரு சமூகம் தன் ஓய்வுபெற்ற வாத்தியார்களைக் கண்டுபிடித்துக் கௌரவிக்கிறதே என்று மகிழலாம். கண்டுபிடித்தது எதற்கு என்பதில்தான் வயிறு எரிகிறது.

இன்னும் ஒன்று உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு வலி எல்லை இருக்கிறது. இதற்கு மேல் தோற்றால் கோபித்துக்கொண்டு போனவர் பிறகு திரும்ப வரமாட்டார் என்கிற தொகை. அதை வயது, வசிக்கும் இடம், பழைய கணக்கு எல்லாம் வைத்து ஹாராஸ் கணினி கணித்து வைத்திருந்ததை இயன் ஏர்ஸ் 2007ல் வெளியிட்ட புத்தகத்தில் விவரித்திருக்கிறார். ஆட்டக்காரர் அந்த எல்லையை நெருங்கும்போது, அதிர்ஷ்டத் தூதர் என்ற பதவிப்பெயரில் ஓர் ஊழியர் பக்கத்தில் வந்து நிற்பார். இன்று உங்களுக்கு நேரம் சரியில்லை போலிருக்கிறதே, மனைவியைக் கூட்டிக்கொண்டு போய் எங்கள் செலவில் சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்பார். எவ்வளவு கனிவு! போலீஸ் லாக்கப்பில் அடிக்கிறவர்களுக்குக்கூடக் கை எப்போது ஓய வேண்டும் என்று சொல்ல டாக்டர் யாரும் பக்கத்தில் நிற்பதில்லை. இங்கே அந்த வசதியும் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

பெருவீதியை விட்டு விலகி, உள்ளூர் ஜனங்கள் போகும் காசினோக்களுக்கு ஒரு பரிசு நாளில் போய்ப் பாருங்கள். இன்று வாணலி, அடுத்த வாரம் துவாலை, அதற்கடுத்த வாரம் மிக்ஸி. காலையிலேயே வரிசை நிற்கும். பெரும்பாலும் பாட்டிகள். வாணலி சும்மா வராது. அன்றைக்கே இத்தனை புள்ளி சேர்த்திருக்க வேண்டும், இயந்திரத்தில் அட்டையைத் தேய்த்துச் சீட்டு எடுத்திருக்க வேண்டும், அப்போதும் ‘இருப்பு உள்ளவரை’. கடையில் பதினைந்து டாலருக்கு விற்கும் வாணலியை நாற்பது டாலர் தோற்று வாங்கி, அதை மடியில் வைத்துக்கொண்டே மறுபடி மெஷின் முன்னால் உட்காருகிறார்கள்.

நான் கோபப்பட்டது ஒரு குலுக்கலில். குலுக்கல் விதி இது: பெயர் அறிவிக்கும்போது நீங்கள் அங்கே இருக்க வேண்டும், தொண்ணூறு நொடிக்குள் மேடைக்கு வந்து சேர வேண்டும். மண்டபமோ கால்பந்து மைதானத்தை மிஞ்சும். ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னார்கள். பெரிய திரையில் 90, 89, 88 என்று எண்கள் இறங்கத் தொடங்கின. மெஷின் வரிசைகளுக்கு அப்பாலிருந்து ஒரு மூதாட்டி கையைத் தூக்கினார். நடைச்சட்டகத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். கயிற்றில் கட்டிய அட்டையை உருவ மறந்து, அது இழுக்க, நின்று, திரும்பி, கழற்றி, மறுபடி நடந்தார். தரைவிரிப்பில் சட்டகத்தின் கால் சிக்கிக்கொண்டது. திரை பூஜ்யம் காட்டியபோது அவர் மேடைக்கு இருபதடி தூரத்தில், எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற இடத்தில் இருந்தார். மைக் பிடித்தவன் அவரைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே, “அடுத்த பெயர்!” என்றான். கூட்டம் கைதட்டியது, ஒவ்வொருவருக்கும் தன் பெயர் வரும் வாய்ப்புக் கூடியிருந்தது அல்லவா? விதி விதிதான் என்று பக்கத்திலிருந்தவர் எனக்கு விளக்கினார். விதிதான். எழுபத்தைந்து வயதுக்காரர்களை அழைத்து வந்து உட்கார வைத்துவிட்டு, ஓட்டப்பந்தயம் வைத்து அவர்களைத் தோற்கடிக்கிற விதி. அதை எழுதியவனுக்கும் எங்கோ ஒரு பாட்டி இருந்திருப்பாள்.

மேசை ஆட்டக்காரர்களைப் பற்றிச் சுருக்கமாக. பிளாக்ஜாக் அடித்தால் பத்து டாலருக்குப் பதினைந்து தருவது பழைய வழக்கம். இப்போது பல மேசைகளில் பன்னிரண்டு. காசினோவின் பங்கு இதனால் ஏறத்தாழ 1.4% ஏறுகிறது. இதையும் மேசைத் துணியில் அச்சடித்தே வைத்திருக்கிறார்கள். கேட்டால், படிக்கவில்லையா என்பார்கள்.

பெரிய மீன்களுக்கு வேறு மரியாதை. 2007ல் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஒரு தொழிலதிபர் சீசர்ஸ் பேலஸிலும் ரியோவிலுமாகச் சுமார் 12.7 கோடி டாலரைத் தோற்றார். செவன் ஸ்டார்ஸ் அவருக்குப் போதவில்லை. ‘சேர்மன்’ என்று அவருக்காகவே ஒரு பட்டத்தை உருவாக்கினார்கள். அவ்வளவும் கொடுத்த பிறகு, 1.47 கோடி டாலர் பாக்கிக்காக அவர்மேல் கிரிமினல் வழக்குப் பாய்ந்தது. சேர்மன் பட்டத்துக்கான விதிமுறையில் கைவிலங்கும் அடங்கியிருந்ததை அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை போலும். வழக்கு பின்னால் சமரசத்தில் முடிந்தது.

இணையக் காசினோ இந்தக் குடும்பத்தின் இளைய பிள்ளை, ஆனால் அண்ணனை மிஞ்சிய கில்லாடி. நூறு பவுண்டு போனஸ், 35 மடங்கு ஆடிய பிறகே எடுக்கலாம் என்றால், 3,500 பவுண்டு பந்தயம் கட்ட வேண்டும். 4% பிடிக்கும் ஸ்லாட்டில் அதற்குள் சராசரியாக 140 போய்விடும். நூறு இனாம் வாங்க நூற்றி நாற்பது. பிரிட்டனில் 2026 ஜனவரி 19 முதல் பத்து மடங்குக்கு மேல் கேட்கக் கூடாது என்று சூதாட்ட ஆணையம் கட்டுப்படுத்திவிட்டது. அதே பிரிட்டனில் 2018ல் ஒருவர் பெட்ஃப்ரெட் தளத்தில் 17 லட்சம் பவுண்டு ஜெயித்தபோது, மென்பொருள் கோளாறு, விதிமுறைப்படி பணம் தர வேண்டியதில்லை என்று நிறுவனம் கைவிரித்தது. அந்த விதிமுறைகள் தெளிவாகவும் இல்லை, கண்ணில் படும்படியும் இல்லை என்று சொல்லி, பணத்தைக் கொடு என்று லண்டன் உயர் நீதிமன்றம் 2021ல் தீர்ப்பளித்தது. மூன்று வருஷம். வாடிக்கையாளர் ஜெயிக்கும்போது மட்டும் பழுதாகிற மென்பொருள் தோற்கும்போது ஒருநாளும் பழுதாவதில்லை. பொறியியலின் அதிசயம் இது.

எல்லாம் கூட்டிக் கழித்த பிறகு அந்த அட்டை யாருக்குச் சொத்து என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 2015 ஜனவரியில் சீசர்ஸின் முக்கியத் துணை நிறுவனம் சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு திவால் மனு போட்டது. கடன்காரர்கள் கூடி, இவர்களிடம் பறிக்க என்ன இருக்கிறது என்று மதிப்புப் போட்டபோது, கட்டடங்களை எல்லாம் தாண்டி உச்சத்தில் நின்றது அந்த உறுப்பினர் திட்டமும் அதில் குவிந்திருந்த தகவல்களும். நூறு கோடி டாலர். எத்தனை மணிக்கு வருகிறீர்கள், எதைச் சாப்பிடுகிறீர்கள், எங்கே வலிக்கும் என்கிற கணக்கு. அதைத் திரட்டிக் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது வாணலி.

நெவாடாவில் இருப்பவர்களுக்கும் அங்கே போய்வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்த மாநிலத்தின் சூதாட்ட ஒழுங்குமுறை 5.170 என்று ஒன்று இருக்கிறது. எனக்கு ஆஃபர் கடிதம் அனுப்பாதே, கடன் கொடுக்காதே, என் காசோலையை மாற்றித் தராதே என்று வாடிக்கையாளர் எழுதிக் கொடுக்க, காசினோ வழி செய்தே ஆக வேண்டும் என்கிறது அது. தங்க எழுத்தில் உங்களுக்குத் தபாலில் வராத ஒரே படிவம் அதுதான். கவுன்டரில் கேட்டு வாங்கி நிரப்பிக் கொடுங்கள். உங்கள் அப்பா, அம்மா பெயரிலும் அட்டை இருந்தால், அவர்களிடம் பேசி அவர்களுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.