அம்மன் இங்கே, கச்சேரி அங்கே

கார்த்திகை பிறந்ததும் சென்னையில் இரண்டு பட்டியல்கள் சுற்றுக்கு வரும்: எந்த சபாவில் யார் பாட்டு, எந்த கேன்டீனில் யார் சமையல். 1928-ல் மியூசிக் அகாடமி தொடங்கிய நாளாக சீசன் வளர்ந்துகொண்டேதான் இருக்கிறது. வடசென்னைப் பக்கம் வருவதற்கு மட்டும் சூலம் போலிருக்கிறது.

இத்தனைக்கும் தியாகராஜர் வடிவுடையம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள் பாடியது எங்கள் திருவொற்றியூரில். அவருடைய சீடர் வீணை குப்பையரின் மகனுக்குப் பெயரே திருவொற்றியூர் தியாகய்யர். டிசம்பரில் ஏசி அரங்கில் 'திருவொற்றியூர் பஞ்சரத்னம்' கேட்டுக் கண்மூடித் தலையாட்டும் மாமாவிடம், "நம்ம ஊர்தான் சார்" என்று சொல்லிப் பாருங்கள். "அப்படியா! எண்ணூர் தாண்டியா?" என்பார்.

2021-ல் மெட்ரோவே விம்கோ நகர் வரை வந்துவிட்டது. கச்சேரிதான் இன்னும் ரயில் ஏறவில்லை.

அதற்காக எங்களுக்குக் கலை இல்லை என்று யாரும் பரிதாபப்பட வேண்டாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளின் ஏர்ஹார்ன் ஜுகல்பந்தி தினமும் உண்டு. விடிய விடிய கானாவும் உண்டு, டிக்கெட் இல்லாமல். ஒரே நிபந்தனை, தெருவில் யாராவது செத்திருக்க வேண்டும்.